இசை நாடகமும் திறனாய்வும்

ஒரு நாடகத்தைக் கண்டு மகிழ்வது சுவைத்தல். அதன் நிறைகுறைகளைக் காரணம் காட்டி விளக்குவது திறனாய்வு. 'வள்ளி திருமணம்' என்னும் இசை நாடகத்தைச் சான்றாகக் கொண்டு இதனை அறிவோம்.

இந்நாடகத்தை இயற்றியவர் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த அவர், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். நகரின் கருவடிக்குப்பத்தில் அவரது நினைவிடம் உள்ளது. அதே நகரின் ரெட்டியார்பாளையத்தில், கோயில் விழா ஒன்றில், இந்நாடகத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

முதலில் நிறைகள். தினைப்புனம் காக்கும் வள்ளியோடு நாரதர் நிகழ்த்திய தருக்கம் நாடகத்தின் உயிராக விளங்கியது. பாடல்கள் சுவாமிகள் வகுத்தவை; இடையிடையே எழுந்த வினாவும் விடையும் நடிகர்கள் அங்கேயே தொடுத்தவை. ஆர்மோனியக் கலைஞர் சுருதி கூட்டியதோடு நில்லாமல் பாத்திரங்களோடு உரையாடவும் செய்தார். எழுதப் படிக்க அறியாத முதியவரும் அச்சொற்போரைத் தொடர்ந்து சென்று, உரிய இடத்தில் கைதட்டினர்.

இனிக் குறைகள். தொடக்கத்தில் இடம்பெற்ற பபூன் காட்சி அளவின்றி நீண்டது. இரட்டைப் பொருள் பேச்சு, குழந்தைகளுடன் வந்தோரை நெளியச் செய்தது. கதைக்குத் தொடர்பற்ற திரைப்பாடல்களும் புகுந்தன. அதனால் வேடனாக வந்த முருகன் வள்ளியோடு வாதிடும் அரிய காட்சி, பாதிப்பேர் வீடு திரும்பிய பின்னரே நிகழ்ந்தது.

இரண்டிற்கும் வேர் ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நடிகருக்கு மேடையில் கிடைக்கும் உரிமை, தருக்கத்தைச் சிறப்பித்தது. அதே உரிமை நகைச்சுவையை எல்லை மீறச் செய்தது. உரிமையை நீக்கினால் குறையோடு நிறையும் போய்விடும். எனவே, "நகைச்சுவையை விலக்குக" என்பது சரியான தீர்ப்பாகாது. "சுருக்கிக் கதையோடு இணைத்திடுக" என்பதே பொருந்தும்.

விழாக்கால வருவாயை நம்பி வாழும் இக்கலைஞர்களுக்குக் காரணமற்ற பழிப்பு கேடு செய்யும்; காரணமற்ற புகழ்ச்சியோ கலையைத் தேயச் செய்யும். ஆதலின் நீங்கள் ஒரு நாடகத்தைக் காணும்போது, ஒவ்வொரு பாடலும் கதையை நகர்த்தியதா, பாத்திரத்தின் உள்ளத்தைக் காட்டியதா என்று வினவுங்கள். அவ்வினாக்களுக்குக் காட்சிகளிலிருந்தே சான்று காட்டி விடை எழுதுங்கள். அதுவே நேர்மையான திறனாய்வாகும்.