ஜீப்பின் ஃபெண்டரை வீட்டில் வெட்டும்போது கண்களைப் பாதுகாப்பது எப்படி?

பெரிய டயர்களைப் பொருத்துவதற்காக, ஜீப் போன்ற வாகனங்களின் ஃபெண்டர் விளிம்பைச் சிலர் வீட்டிலேயே வெட்டுகின்றனர். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற நெருக்கமான பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடமே இதற்குப் பணிமனையாகிவிடுகிறது. இப்பணியில் கையில் ஏற்படும் காயம் உடனே தெரிந்துவிடும். கண்ணில் ஏற்படும் காயமோ வலியின்றியும் இருக்கக்கூடும். ஆகவே வலியின் அளவைக் கொண்டு கண் காயத்தின் தீவிரத்தை மதிப்பிடக் கூடாது.

கண்ணுக்கு ஆபத்து ஏற்படுவது ஏன்?

தகடு வெட்டும் கையடக்க கிரைண்டரின் 4 அங்குல வட்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்கிறது. அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அவ்வேகத்தில் தெறிக்கும் சூடான இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரத்திற்குள் அதைச் சுற்றித் துரு வளையம் உருவாகத் தொடங்கும். தாமதித்தால் கிருமித்தொற்றும் புண்ணும் ஏற்பட்டு, கருவிழியில் நிலையான தழும்பு உண்டாகலாம்.

வெட்டிய விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். இரும்பின் மீது இரும்பு மோதும்போது சிதறும் சில்லு கண்ணைத் துளைத்து உள்ளே தங்கிவிடக்கூடும். இதனால் சிறிதளவே வலி ஏற்படலாம். கவனிக்கப்படாத இரும்புச் சில்லு நாளடைவில் விழித்திரையைப் பாதித்துப் பார்வையைப் பறிக்கும். வெட்டும் வேலை முடிந்தவுடன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள். தட்டுதல், அரம் கொண்டு தேய்த்தல், தரையைப் பெருக்குதல் ஆகிய அனைத்தும் முடியும்வரை அணிந்திருங்கள்.

பணியைத் தொடங்கும் முன்

• பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை அணியவும். அதன் மேல் முகக் கவசத்தையும் அணிவது நல்லது. பார்வைக்கான மூக்குக் கண்ணாடியோ வெயில் கண்ணாடியோ இதற்கு ஈடாகாது.
• கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றக் கூடாது. விரிசல் கண்ட வட்டைப் பயன்படுத்தக் கூடாது.
• கெட்டியான கையுறை, மூடிய காலணி, முகமூடி, காதடைப்பான் ஆகியவற்றை அணியவும். தளர்வான ஆடையையும் துண்டையும் தவிர்க்கவும்.
• குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தொலைவில் நிறுத்தவும். அவர்கள் கண்ணிலும் துகள் விழலாம்.
• பெட்ரோல் குழாய், மின்கம்பிகள் ஆகியவற்றுக்கு அருகே வெட்டக் கூடாது. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, தீயணைப்பானையோ மணல் வாளியையோ அருகில் வைத்திருக்கவும்.
• பணி முடிந்ததும் கண்களை மூடியவாறு தலையையும் முகத்தையும் கழுவவும். முடியில் தங்கிய துகள் பின்னர் கண்ணில் விழக்கூடும்.

கண்ணில் துகள் விழுந்தால்

கண்ணைக் கசக்காதீர்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின், தூய்மையான குடிநீரைக் கண்ணில் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால், எளிதில் வருமானால் மட்டும் அகற்றுங்கள். துகள் வெளியேறாவிட்டாலோ, உறுத்தல் நீடித்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பின்வருவனவற்றைச் செய்யக் கூடாது:

• தீக்குச்சி, ஊசி, துணி முனை, நாக்கு ஆகியவற்றால் துகளை எடுத்தல்
• தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலியவற்றை விடுதல்
• மருத்துவர் ஆலோசனையின்றி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுதல். மரத்துப்போகச் செய்யும் மருந்து வலியை மறைத்துக் காயத்தை மோசமாக்கும். ஸ்டீராய்டு மருந்து தொற்றைப் பெருக்கும்.

அவசர அறிகுறிகள்

பார்வை மங்குதல், கண்ணிலிருந்து இரத்தமோ நீர்மமோ கசிதல், கண்மணியின் வடிவம் மாறுதல், கண்ணில் சில்லு குத்தி நிற்றல் ஆகியவை அவசர நிலையைக் குறிக்கும். இந்நிலையில் கண்ணைக் கழுவவோ, அழுத்தவோ, குத்தி நிற்பதைப் பிடுங்கவோ கூடாது. காகிதக் குவளையின் அடிப்பகுதியைக் கண்ணில் படாதவாறு கவிழ்த்து ஒட்டி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவும் நீரும் உட்கொள்ள வேண்டாம். தாமே வாகனம் ஓட்டிச் செல்லக் கூடாது.

சுத்தியலால் தட்டும்போது கண்ணில் ஏதோ பட்டதாக உணர்ந்திருந்தால், இவ்வறிகுறிகள் இல்லாவிட்டாலும் பரிசோதனை அவசியம். இரும்பில் வேலை செய்ததை மருத்துவரிடம் தெரிவிக்கவும். கண்ணுக்குள் இரும்பு இருக்கும் நிலையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால், காந்தப் புலத்தால் அது நகர்ந்து மேலும் சேதம் விளைவிக்கும்.

தகடு கையைக் கிழித்தால்

தூய துணியால் காயத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவும். இரத்தம் நின்றபின் ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவவும். சேற்றுப் பாதையில் ஓடிய வாகனத்தின் ஃபெண்டர் அடியில் மண் படிந்திருக்கும். ரண ஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. கடைசித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தாலோ, போட்டது நினைவில் இல்லாவிட்டாலோ, அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். இரத்தம் நிற்காவிட்டாலோ, விரலை அசைக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

எங்கே செல்லலாம்?

1819-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண் காயங்களுக்குச் சிகிச்சை பெறலாம். கை, கால் காயங்களுக்கு மயிலாப்பூருக்கு அருகிலுள்ள இராயப்பேட்டை அரசு மருத்துவமனையை அணுகலாம். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கவும்.

கவனிக்க: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 52 தடை செய்கிறது. வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விவரம் கேட்டறியவும்.