நாயும் நாமும் – 9: அடிமயிர்

2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. நம் ராஜபாளையம் நாயும் இமயமலை மேய்ப்பு நாயும் அதில் உண்டு. சிறுத்தை கவ்வாதிருக்க, அந்த மலைநாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவார்கள் இமாச்சல இடையர்கள். குளிரை அதன் ரோமமே பார்த்துக்கொள்ளும்.

ரோமம் இரண்டு அடுக்கு. மேலே நீண்ட முரட்டு முடி. அடியில் பஞ்சு போன்ற அடிமயிர். ஆட்டு மந்தை ஓட்டிய நாய்களிலிருந்து 1899 வாக்கில் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் உருவாக்கிய ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதே அமைப்புதான். நாம் அல்சேஷன் என்போமே, அதுதான்.

போன சித்திரையில் தாணிப்பாறை போகும் வழியில் மகாராஜபுரத்துத் தோப்பு ஒன்றில் நின்றேன். பம்புசெட் தொட்டியோரம் ஈரமண்ணைப் பறித்து, அதில் வயிற்றைப் பதித்துக் கிடந்தது ஒரு அல்சேஷன். நாக்கு தொங்க, விலா துடித்தது.

"மொட்டை அடிச்சு விட்ரலாம்னு இருக்கேன் தம்பி. பாக்கவே பாவமா இருக்கு" என்றார் தோப்புக்காரர்.

"அதை மட்டும் செஞ்சிராதீங்க அண்ணாச்சி."

மேல்முடி நாய்க்குக் கூரை. மழித்தால் வெயில் நேரே தோலைச் சுடும். சில நாய்களுக்கு முடி பழையபடி வளர்வதும் இல்லை. உதிர்ந்தும் கீழே விழாமல் சிக்கிக் கிடக்கும் அடிமயிர்தான் காற்றை உள்ளே விடாமல் புழுங்கவைக்கிறது. அகலப் பல் சீப்பால் பின்தொடையிலிருந்து சீவத் தொடங்கினோம். ஒரு கூடை சாம்பல் நிறப் பஞ்சு வந்தது. காதுக்குப் பின்னால் ஆமணக்கு முத்துப் போல ரத்தம் குடித்துப் பருத்த உண்ணிகள்! இந்த வகை நாயை வாரத்துக்கு மூன்று முறையாவது சீவ வேண்டும். முடி கொட்டும் பருவத்தில் தினமும்.

நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டுமே. இரைத்துத்தான் சூட்டை இறக்கும். புழுக்கத்தில் அதுவும் பலிக்காது. அதனால் நடை எல்லாம் விடியுமுன்னே. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. எச்சில் நுரைத்து, ஈறு சிவந்து, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடையிலும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிறியபடியே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

ராஜபாளையத்துக்கு இந்தப் பாடு இல்லை, முடி குட்டை. ஆனால் வெள்ளை முடிக்குக் கீழே இளஞ்சிவப்புத் தோல். அதற்கும் நிழல் வேண்டும்.

துணைக்கு ஒரு ஹஸ்கிக் குட்டி வாங்கும் யோசனையில் இருந்தார் அண்ணாச்சி. 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெப்பம் தாங்காதவை என்று பட்டியலிட்ட இனங்களில் அதுவும் ஒன்று. சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. நாயின் மறு காதைத் திருப்பி, இடுக்கியால் இன்னொரு உண்ணியைப் பிடுங்கினார்.