நோயுற்ற குழந்தையும் துணை நிற்கும் இயந்திரமும்

‘ரோபோ’ என்னும் சொல் 1920-இல் செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாப்பெக்கின் நாடகம் ஒன்றில் பிறந்தது. கட்டாய உழைப்பு என்பது அதன் வேர்ப்பொருள். தொழிற்சாலையில் பாரம் தூக்குவதற்கென்றே இருந்த அந்த இயந்திரம், இன்று நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே அமர்ந்து பேச்சுக் கொடுக்கவும் வந்துவிட்டது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை அறிந்த நமக்கு இது புதுமையன்று. ஆயினும் கதை வேறு, மருத்துவமனை வேறு அல்லவா?

இவ்வகையில் புகழ் பெற்றது ஜப்பானியப் பொறியாளர் தகானோரி ஷிபாதா உருவாக்கிய ‘பாரோ’. வெண்ணிற மென்மயிர் போர்த்த கடல்நாய்க் குட்டி வடிவம் அதற்கு. தடவினால் கண் சிமிட்டும், தலை திருப்பும், குரல் கொடுக்கும். பூனையோ நாயோ செய்திருக்கலாமே என்று தோன்றும். அவற்றை நாம் அன்றாடம் பார்ப்பதால் போலியைக் கண்டு குறை சொல்லிவிடுவோம். கடல்நாய்க் குட்டியை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நல்ல தந்திரந்தான்! எனினும் பாரோ பெரிதும் பயன்படுவது மறதிநோய் கொண்ட முதியோரிடையே.

குழந்தைகளுக்கென்றே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையும் ‘ஹக்கபிள்’ என்ற கரடியை வைத்து ஆய்வு நடத்தின. 3 முதல் 10 வயது வரையுள்ள 54 குழந்தைகளில் சிலருக்குச் சாதாரணக் கரடிப் பொம்மை, சிலருக்குத் திரையில் தோன்றும் கரடி, சிலருக்கு இயந்திரக் கரடி தரப்பட்டது. பொம்மை பெற்றவர்களைவிட இயந்திரக் கரடி பெற்றவர்களிடம் மகிழ்ச்சி மிகுந்திருந்ததாக 2019-இல் வெளியான முடிவு கூறுகிறது. ஆனால் அக்கரடி தானே பேசவில்லை. மறைவிலிருந்து ஒரு மனிதர் அதை இயக்கிப் பேசினார். வியந்து கைதட்டுமுன் இதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு நேரே உதவுவது 2018-இல் அறிமுகமான ‘அஃப்லாக்’ வாத்து. புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கானது. மகிழ்ச்சி, அச்சம், குமட்டல் எனப் பல உணர்ச்சிகளைக் குறிக்கும் வில்லைகளுள் ஒன்றை எடுத்து அதன் மார்பில் வைத்தால் வாத்து அவ்வாறே நடந்துகொள்ளும். ‘பயமாயிருக்கிறது’ என்று அம்மாவிடம் சொல்ல அஞ்சும் குழந்தை, வாத்துக்குப் பயம் என்று காட்டிவிடும். தாய்க்கு அது போதாதா?

இனி நம் ஜவ்வாது மலைக்கு வருவோம். காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் நிறுவப்பட்ட 93 அங்குலத் தொலைநோக்கி நிற்கும் மலை இது. நுண்கருவி இதற்கு அயலானதன்று. ஆனால் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்க் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்றால் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். தாய் குழந்தையோடு வேலூருக்கு இறங்கிவிடுவாள். தந்தை சாமைக் காட்டையும் மற்றப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு மலையில் இருப்பார். குடும்பமே இரண்டாகிவிடுகிறது. அத்தாய்க்கு முதலில் வேண்டியது தங்க இடமும், மருத்துவர் சொன்னதை அவள் பேச்சில் விளக்கும் ஆளும். 2006-இல் மும்பையில் தொடங்கிய ‘செயின்ட் ஜூட்’ இல்லங்கள் சென்னை, வேலூர் முதலிய நகரங்களில் இத்தகைய குடும்பங்களுக்கு இலவசமாக இடம் அளிக்கின்றன. கரடிக்குச் செலவிடும் பணத்தை இங்கே செலவிடலாம் என்பது என் கருத்து.

விலக்காக ஒன்றைச் சொல்வேன். நார்வேயின் ‘ஏவி-1’ வகுப்பறை மேசையில் குழந்தைக்குப் பதிலாக அமர்ந்து, படுக்கையிலிருக்கும் குழந்தைக்குப் பாடத்தையும் தோழர் குரலையும் அனுப்புகிறது. தடையில்லாத இணைய இணைப்பு வந்துவிட்டால் மலைப் பள்ளிகளுக்கு இது மிகப் பொருந்தும். அதுவரை வாத்தின் சூத்திரத்தை நாமே கையாளலாம். பாஸ்டனில் வெறும் பொம்மை பின்தங்கியது உண்மையே. ஆயினும் ஒரு துணிப் பொம்மையும் முகபாவங்கள் வரைந்த ஆறேழு அட்டைகளும் செய்ய நம் மாணவியருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை.