கண்ணாடியில் பூசிய கலங்கள்

கண்டி வீதியில் வவுனியாவைக் கடந்து வடக்கே பிரயாணம் செய்வோர் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் காணும் கனகராயன்குளம், வயலையும் குளத்தையும் நம்பி வாழும் வன்னிக் கிராமங்களுள் ஒன்று. விதைப்பும் அரிவுவெட்டும் பிள்ளைகளின் படிப்பும் ஆடுமாடுகளின் பராமரிப்புமாக நாட்களைக் கழிக்கும் பெண்களிடம், சரீரத்தில் யாதொரு நோவும் இல்லாத வேளையில் வைத்தியப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று சொன்னால், அவர்கள் முதலில் வியப்பதும் பிறகு தயங்குவதும் இயல்பே. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை மிஸ், பிறகேன் செக் பண்ண வேணும்?" என்று இத்தகைய ஊர்களில் ஒரு பெண் கேட்டால், குடும்பநல உத்தியோகத்தர் சொல்லக்கூடிய விடை ஒன்றே: "வருத்தம் வந்தாப் பிறகு பாக்கிறதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு அக்கா; வராமல் பாக்கிறதுக்குத்தான் இந்தக் கிளினிக்." கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகச் செய்யப்படும் பாப் பரிசோதனையின் தத்துவம் முழுவதும் இந்த விடைக்குள் அடங்கிவிடுகிறது.

கருப்பையின் வாயிலாக அமைந்துள்ள கழுத்துப் பகுதியில் தோன்றும் இப்புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லாச் சந்தர்ப்பங்களிலும் காரணமாவது மனிதப் பப்பிலோமா வைரசு என்பதை, ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் 1983ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் வெளிப்படுத்திய ஆராய்ச்சிகள் நிலைநாட்டத் தொடங்கின. அதற்காகவே 2008இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உடலுறவின் வழியே பரவும் இவ்வைரசு மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் ஒரு முறையேனும் தொற்றி, ஓரிரு வருஷங்களில் தானாகவே நீங்கிவிடுகின்றமையால், அது தொற்றியதை வைத்து எவருடைய ஒழுக்கத்தையும் எடைபோடுவது அறியாமை. நீங்காமல் தங்கிவிட்ட சிலரிடத்தில் மாத்திரம் அது கலங்களின் இயல்பைச் சிறிது சிறிதாகத் திரித்து, பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு மேலாகவும் யாதொரு அறிகுறியும் காட்டாதிருந்து, பின்னர் புற்றுநோயாக உருவெடுக்கிறது. உலகம் முழுவதிலும் 2022ஆம் ஆண்டில் ஏறக்குறைய 3,50,000 பெண்கள் இந்நோயால் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. ஆனால் நோய் இவ்வளவு மெதுவாக வளர்வதே மனிதனுக்கு வாய்த்த அவகாசமுமாகும். அந்த அவகாசத்தில் திரிந்த கலங்களைக் கண்டு அகற்றிவிட்டால், புற்றுநோய் பிறப்பதற்கே இடமில்லை.

இவ்வழியைக் காட்டியவர் கிரேக்க நாட்டில் பிறந்து 1913இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜோர்ஜ் பாப்பனிக்கொலாவ் என்ற வைத்தியர். கினிப்பன்றிகளின் யோனிப் பூச்சுக்களை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பழகிய அவர், மனித ஸ்திரீகளிடமும் அம்முறையைக் கையாண்டபோது புற்றுநோய்க் கலங்கள் கண்ணுக்குத் தட்டுப்பட்டன. 1928இல் அவர் இதனை வெளியிட்ட காலத்தில் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. ஹேர்பர்ட் டிராவுட் என்பவருடன் சேர்ந்து 1943இல் அவர் எழுதிய நூலே வைத்திய உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. அவருடைய குடும்பப் பெயரின் முதற்பகுதியே இன்று 'பாப்' என்று நம் கிராமங்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இலங்கையில் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழிகாட்டலில் 1996ஆம் ஆண்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் ஆரம்பிக்கப்பட்டன. முப்பத்தைந்து வயதை எட்டிய பெண்ணை முதன்மையாக அழைத்து, பாப் பரிசோதனையோடு இரத்த அழுத்தம், மார்பகம் முதலியவற்றையும் கட்டணமின்றிப் பார்ப்பது அவற்றின் பணி. பின்னர் நாற்பத்தைந்து வயதினரும் அழைப்புக்குள் சேர்க்கப்பட்டனர். தென்னிலங்கையில் இக்கிளினிக்குகள் வேரூன்றிய அந்தக் காலத்தில் வன்னியின் கதை வேறாக இருந்தது. உள்நாட்டுப் போரில் இலங்கை இராணுவம் 1997இல் தொடங்கிய ஜயசிக்குறு படையெடுப்பு கண்டி வீதியோரக் கிராமங்களை வெறுமையாக்கியது. மீண்டு வந்தவர்களும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் மறுபடி ஊரை விட்டு ஓடினார்கள். உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த அந்நாட்களில், இருபது வருஷத்துக்குப் பின் வரக்கூடிய ஒரு நோயைப் பற்றி யார்தான் சிந்திக்க முடியும்? போர் முடிந்த 2009இல் இருபது வயதாயிருந்த பெண் 2024இல் முப்பத்தைந்தை எட்டிவிட்டாள் என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பரிசோதனை இன்று யாருக்கு உரியது என்பது விளங்கும்.

இனி, அப்பரிசோதனையை அருகிலிருந்து பார்ப்போம். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து, அது தொடங்கிய நாளிலிருந்து பத்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் இடையில் வருவது உத்தமம். அதற்கு முந்திய இரண்டு தினங்களில் உடலுறவையும், யோனியின் உள்ளே வைக்கும் மருந்துகளையும், உட்புறம் கழுவுவதையும் தவிர்க்கவேண்டும். இல்லையேல் எடுக்கும் கலங்கள் மறைந்தும் கலங்கியும் போகும். திரை மறைவில் கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணுக்குச் செய்யப்போவதை விளக்கிய பின், ஸ்பெக்குலம் எனப்படும் விரிகருவியை இளஞ்சூட்டு நீரில் நனைத்து மெல்லச் செலுத்தி, கருப்பைக் கழுத்தைக் கண்ணால் கண்டு, வெளிப்படலமும் உட்படலமும் சந்திக்கும் விளிம்பில் மரத்தாலான ஸ்பட்டுலாவை வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுவார்கள். நோய் பெரும்பாலும் தொடங்கும் இடம் அந்த விளிம்பே ஆகையால், அதைத் தொடாத சுழற்றல் வீண் பிரயாசை. இழுபடுவது போன்ற ஓர் உணர்வும், சிலருக்குச் சொட்டு இரத்தமும் ஏற்படலாம். சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

முடிந்துவிட்டதென்று பெண் எழுந்து சேலையைச் சரிசெய்யும் அந்தக் கணத்தில்தான் மாதிரியின் விதி நிர்ணயிக்கப்படுகிறது. ஸ்பட்டுலாவில் ஒட்டியதைக் கண்ணாடி வழுக்கியின்மீது தடிப்பில்லாமல் ஒரே திசையில் பூசி, அது காய்வதற்கு முன்னர், அதாவது சில விநாடிகளுக்குள், 95 வீத மதுசாரத்தில் அமிழ்த்தவேண்டும்; குறைந்தது இருபது நிமிஷமேனும் அது அதில் கிடக்கவேண்டும். காற்றில் காய்ந்துவிட்டால் கலங்கள் ஊதிப் பருத்து, அவற்றின் கரு மங்கி, நல்லதும் தீயதும் பிரித்தறிய இயலாதனவாகிவிடும். வழுக்கியின் மங்கலான முனையில் இலக்கத்தைப் பென்சிலாலேயே எழுதுகிறார்கள். மையால் எழுதினால் மதுசாரம் அதைக் கரைத்துவிடும், பெயரற்ற வழுக்கி எவருக்கும் உதவாது. உடன் செல்லும் படிவத்தில் வயது, கடைசி மாதவிடாய்த் திகதி, பிள்ளைப்பேறு, கையாளும் குடும்பக் கட்டுப்பாட்டு முறை, முந்தைய பரிசோதனையின் பெறுபேறு ஆகியவை நிரப்பப்படுகின்றன. இவை வெறும் சம்பிரதாயம் அல்ல. மாதவிடாய் நின்ற பெண்ணின் கலங்களும் கருத்தடை ஊசி போடும் பெண்ணின் கலங்களும் தோற்றத்தில் மாறுபடுவதால், அவ்விவரமின்றிப் பார்ப்பவர் சந்தேகத்தில் தடுமாற நேரும்.

நோயியல் ஆய்வுகூடத்தில் பாப்பனிக்கொலாவ் வகுத்த அதே சாயமுறை இன்றும் பின்பற்றப்படுகிறது. கருக்கள் நீலமாகவும், மேற்படைக் கலங்கள் இளஞ்சிவப்பாகவும், இடைப்படைக் கலங்கள் நீலப்பச்சையாகவும் நிறமேறிய பின், பயிற்சி பெற்ற பரிசோதகர் வழுக்கியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓரிடமும் விடாமல் பார்த்து, கரு பருத்தும் கறுத்தும் ஒழுங்கிழந்தும் கிடக்கும் கலங்களைக் குறித்து வைக்க, அவற்றை வைத்திய நிபுணர் உறுதிசெய்கிறார். ஆயிரக்கணக்கான கலங்கள் தெளிவாகத் தெரிந்தாலொழிய அவ்வழுக்கி 'போதாதது' என்று திருப்பப்படும். அது நோயின் அறிகுறி அல்ல, மாதிரி சரியாக அமையவில்லை என்பது மாத்திரமே; அச்சமின்றி மீண்டும் கொடுக்கலாம். மாற்றம் உண்டென்று முடிவு வந்தாலும் அது புற்றுநோயென்று பொருள்படாது. கொல்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கும் கருவியால் பார்த்து, வேண்டியிருந்தால் அச்சிறு பகுதியை மாத்திரம் அகற்றிவிடுவார்கள்.

ஆகவே, ஆய்வுகூடத்தின் தீர்ப்பில் பாதி கிளினிக்கின் சிறிய அறையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. மறுபாதி, பெறுபேறு அப்பெண்ணின் கையை வந்தடைவதில் இருக்கிறது. எவ்வளவு திறமையாகப் படிக்கப்பட்ட வழுக்கியாயினும், அதன் முடிவு உரியவளுக்குத் தெரியாமல் கோப்பில் உறங்குமானால் அவ்வளவும் விழலுக்கு இறைத்த நீரே.

பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு எட்டாத கிராமங்களில் இத்தகைய முயற்சி பலிக்குமா என்ற ஐயத்துக்குத் தமிழ்நாட்டிலேயே விடை கிடைத்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசற்றிக்கமிலத்தைத் தடவிக் கருப்பைக் கழுத்தைக் கண்ணால் சோதித்தார்கள். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையான பெண்களிடையே இந்நோயின் தோற்றம் 25 வீதமும் மரணம் 35 வீதமும் குறைந்ததாக 2007இல் வெளியான முடிவுகள் கூறின. முறை வேறாயினும் பாடம் ஒன்றே: சிரத்தையோடு செய்யும் கிராமத்துப் பரிசோதனை உயிர்களைக் காக்கும். பூச்சுக்குப் பதிலாக வைரசையே தேடும் பரிசோதனையும் இப்போது உலகெங்கும் பரவி வருகிறது. அதற்கான மாதிரியைப் பெண் தானே மறைவில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது, வெட்கத்தால் பின்வாங்குவோருக்குப் பெரிய ஆறுதல்.

இலங்கையில் 2017 முதல் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்கு இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி பாடசாலைகளில் ஏற்றப்படுகிறது. மகளுக்கு அந்த ஊசியைத் தவறவிடாத தாய், தனக்குரிய பரிசோதனையைத் தவறவிடுவது முறையாகுமா? முப்பத்தைந்தையோ நாற்பத்தைந்தையோ எட்டிய சகோதரிகள், அரிவுவெட்டு முடியட்டும், பிள்ளையின் சோதனை முடியட்டும் என்று நாளைக் கடத்தாமல், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். போய் வந்த பிறகு, பெறுபேறு எப்போது வரும் என்று கேட்டு, அது கைக்கு வரும்வரை விடாமல் விசாரியுங்கள்.