கம்பி, பஞ்சு, கொஞ்சம் கணக்கு: வேப் காயிலைக் கையால் கட்டுபவர்கள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள்?

ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் பஞ்சு. ரீல்ஸில் பார்த்தால் நகைப் பட்டறை வேலை மாதிரி அழகாக இருக்கும். கம்பியைச் சுற்றி, சிவக்கப் பழுக்கவைத்து, நடுவே பஞ்சை நுழைத்தால் கடைசியில் அறை முழுக்க வெண்புகை. இதற்குப் பெயர் 'காயில் பில்டிங்'. அந்த ரீல்ஸில் பெரும்பாலும் காட்டாத ஒரு பொருள் உண்டு: ஓம் மீட்டர். இந்த வேலையில் ஆளைக் காப்பாற்றுவது அதுதான்.

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வேப்களை விற்பதற்குத் தடை அமலில் இருக்கிறது. இனி விற்கப்படும் வேப்பில் பேட்டரியைத் திரும்ப சார்ஜ் செய்ய முடிய வேண்டும், திரவத்தைத் திரும்ப நிரப்ப முடிய வேண்டும், காயிலைச் சாதாரண ஆளே மாற்ற முடிய வேண்டும். இதுவரை வேப் விரும்பிகளுக்கு மட்டும் தெரிந்திருந்த 'காயில்' என்ற சொல், இப்போது அரசு விதிமுறையிலேயே வந்துவிட்டது.

இந்தியாவில் வேப் விற்பனையே சட்டவிரோதம். அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில், இந்தக் காயிலுக்குள் என்னதான் நடக்கிறது?

காயில் என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், அகல் விளக்கும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்த கலவை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருவதுபோல, வேப்பில் இருக்கும் பஞ்சு திரவத்தை உறிஞ்சிக் கம்பியிடம் கொண்டுவருகிறது. பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததும், அயர்ன் பாக்ஸில் நடப்பதுபோலக் கம்பி சூடாகிறது. பஞ்சில் இருக்கும் திரவம் ஆவியாகிறது. அவ்வளவுதான்.

அந்தத் திரவத்தில் இருப்பவை புரொப்பிலீன் கிளைக்கால், காய்கறி கிளிசரின், வாசனைப் பொருள். பெரும்பாலும் நிகோட்டினும் இருக்கும்.

கம்பி என்றால் சாதாரண செப்புக் கம்பி இல்லை. அதிகம் புழங்குவது 'காந்தல்'. தமிழில் அடிப்பிடித்த சோற்றை நினைவூட்டும் பெயர்தான், ஆனால் இது ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் பிராண்ட். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம். நிக்கல், குரோமியம் கலந்த நிக்ரோம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவையும் உண்டு.

ஏன் கையால் கட்டினார்கள்?

இன்றைய இ-சிகரெட்டை 2003-ல் உருவாக்கியவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக். ஆரம்பகாலச் சாதனங்களின் காயில் சீக்கிரம் கருகிவிடும், ஆவியும் குறைவு. பயன்படுத்தியவர்களே கழற்றிப் பார்த்துக் கம்பியை மாற்ற ஆரம்பித்தார்கள். பிறகு அதற்கென்றே சாதனங்கள் வந்தன. காயில் மேல் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது 'டிரிப்பர்'. தொட்டியிலிருந்து தானாக உறிஞ்சிக்கொள்வது 'ரீபில்டபிள் டேங்க்'.

பணமும் ஒரு காரணம். கடையில் வாங்கும் ரெடிமேட் காயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். கையால் கட்டியதில் பஞ்சை மட்டும் மாற்றிவிட்டு, அதே கம்பியைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம். பத்து மீட்டர் கம்பிச் சுருள் ஒன்றில் நூறு காயில் வரை சுற்றலாம்.

எப்படிக் கட்டுகிறார்கள்?

புதிதாகக் கற்பவர்கள் வழக்கமாக 26 கேஜ் காந்தல் கம்பியில் தொடங்குவார்கள். தடிமன் 0.4 மில்லிமீட்டர். அதை 3 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று சுற்றி, இரண்டு முனைகளையும் சாதனத்தின் இரண்டு கம்பங்களில் திருகி இறுக்க வேண்டும். முனை கொஞ்சம் நீண்டு பக்கத்து உலோகத்தில் பட்டால் ஷார்ட் சர்க்யூட். அதனால் ஒட்ட வெட்டிவிடுவார்கள்.

அடுத்தது மின்தடையை அளப்பது. அளவு சரியாக இருந்தால்தான் மின்சாரம். பஞ்சு இல்லாமல், குறைந்த பவரில், விட்டுவிட்டு சூடாக்கும்போது சுருள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சீராகச் சிவக்க வேண்டும். ஓரிடம் மட்டும் முதலில் சிவந்தால் அங்கே சுற்றுகள் சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். அப்போது இடுக்கியால் மெல்ல அழுத்திச் சரிசெய்வார்கள். இடுக்கி பீங்கானில் இருக்க வேண்டும். உலோக இடுக்கியால் சூடாகும் காயிலைத் தொட்டால் அதுவே ஷார்ட்.

நிக்கல், டைட்டானியம் கம்பிகளை இப்படிச் சிவக்க வைக்கவே கூடாது. அவை வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சாதனங்களுக்கு மட்டுமே உரியவை.

கடைசியில் பஞ்சு. இழுத்தால் லேசாக உரசிக்கொண்டு நகர வேண்டும். கம்பியை வளைக்கும் அளவுக்கு இறுக்கினால் திரவம் ஏறாது, பஞ்சு கருகும். தளர்வாக விட்டால் திரவம் ஒழுகும். இந்தப் பதம் படித்து வராது, நாலு முறை சொதப்பினால்தான் கைக்குப் பிடிபடும்.

கணக்கு எங்கே வருகிறது?

பத்தாம் வகுப்பு ஓம் விதி நினைவிருக்கிறதா? மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். தேர்வோடு மறந்துபோன அந்த ஒரு வரிதான் இங்கே எல்லாமே.

வேப்களில் அதிகம் புழங்கும் 18650 பேட்டரி 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் அயன் செல். முழு சார்ஜில் 4.2 வோல்ட். மேலே சொன்ன ஆறு சுற்றுக் காயிலின் மின்தடை சுமார் 0.8 ஓம். 4.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் 5.25 ஆம்பியர். நல்ல செல்லுக்கு இது சாதாரணம்.

இப்போது ஆவி கூடட்டும் என்று அதே மாதிரி இன்னொரு காயிலைப் பக்கத்தில் மாட்டுகிறார் ஒருவர். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. இரண்டு காயில் என்றால் மின்தடை 1.6 ஆகும் என்று தோன்றும். ஆனால் இவை பக்க இணைப்பில் இருப்பதால் மின்தடை பாதியாகி 0.4 ஓம் ஆகும். மின்னோட்டம் இரட்டிப்பாகி 10.5 ஆம்பியர் ஆகும்.

அடுத்த கட்டமாக, கொஞ்சம் தடித்த 24 கேஜ் கம்பி. சுற்றும் ஆறிலிருந்து நாலாகிறது. அப்படி இரண்டு காயில் மாட்டினால் சுமார் 0.2 ஓம், மின்னோட்டம் 21 ஆம்பியர். வேப் பயன்பாட்டாளர்களிடம் பிரபலமான சாம்சங் 25ஆர் செல்லால் தொடர்ந்து தர முடிந்த அளவு 20 ஆம்பியர். பார்வைக்குக் கம்பி ஒரு நூல் தடித்திருக்கிறது, இரண்டு சுற்று குறைந்திருக்கிறது. ஆனால் பேட்டரி தன் எல்லையைத் தாண்டிவிட்டது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ரீல்ஸ் சொல்லித்தராத பாடம் இதுதான்.

சிப் இருந்தால் காப்பாற்றாதா?

பெரும்பாலும் காப்பாற்றும். இப்போதைய சாதனங்களில் மின்தடையை அளக்கும் சிப் உண்டு. அளவு குறைவாக இருந்தாலோ ஷார்ட் இருந்தாலோ மின்சாரத்தை விடாது.

ஆபத்து 'மெக்கானிக்கல் மாட்' எனப்படும் சாதனத்தில்தான் அதிகம். ஒரு உலோகக் குழாய், உள்ளே பேட்டரி, கீழே ஒரு பட்டன். சிப் கிடையாது. பட்டனை அழுத்தினால் பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே தடுக்க எதுவுமில்லை. சிப் செய்ய வேண்டிய கணக்கை ஆள்தான் செய்ய வேண்டும்.

அளவுக்கு மீறிச் சூடாகும் லித்தியம் செல்லுக்குள் வேதிவினை தன்னைத்தானே தூண்டிக்கொண்டு போகும். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் அந்தக் குழாயே வெடிக்கும். பேட்டரியின் மேலுறை கிழிந்திருந்தாலும், உதிரி பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போட்டாலும் ஷார்ட் ஆகலாம். வேறு நிறுவனத்தின் செல்லை வாங்கி, மேலுறையில் ஆம்பியரை ஏற்றி அச்சடித்து விற்பவர்களும் உண்டு. அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட்டால் கணக்கு சரி, பேட்டரி தப்பு.

2009 முதல் 2016 வரை ஊடகங்களில் வந்த செய்திகளை அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தபோது 195 தீ, வெடிப்புச் சம்பவங்களும் 133 காயங்களும் இருந்தன. உயிரிழப்பு இல்லை. அதன் பிறகு 2018 மே மாதம் ஃப்ளோரிடாவில் வேப் வெடித்து, துண்டுகள் தலைக்குள் பாய்ந்து ஒருவர் இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவரின் கழுத்து ரத்தக்குழாய் வெடிப்பில் கிழிந்து உயிர் போனது.

கணக்கு சரியாக இருந்தால் பாதுகாப்பா?

வெடிப்பிலிருந்து பெருமளவு பாதுகாப்பு. ஆவியிலிருந்து இல்லை.

2015-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேப்பை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டன. அந்தச் சூட்டில் வரும் கருகல் சுவையை யாரும் தொடர்ந்து இழுக்க மாட்டார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரு தரப்பும் ஒத்துப்போவது ஒரு விஷயத்தில்: சூடு ஏறினால், பஞ்சு காய்ந்தால், நச்சு கூடும்.

கம்பியும் சும்மா இருப்பதில்லை. பால்டிமோர் பகுதியில் தினமும் வேப் செய்யும் 56 பேரின் சாதனங்களை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாட்டில் திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள், காயிலைத் தொட்ட பிறகு ஆவியில் பல மடங்கு கூடியிருந்தன.

சிகரெட்டைவிட வேப் தீங்கு குறைந்தது, ஆனால் தீங்கற்றது அல்ல என்பது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையின் நிலைப்பாடு. புகைப்பழக்கத்தை விட முயல்பவர்களுக்கு மட்டுமே அது வேப்பைச் சொல்கிறது. புகைக்காதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்கிறது.

தடை இந்தக் கைவேலையைத் திரும்பக் கொண்டுவருமா?

தடைக்கு முன் பிரிட்டனில் வாரத்துக்கு கிட்டத்தட்ட 50 லட்சம் டிஸ்போசபிள் வேப்கள் குப்பைக்குப் போயின. ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் பேட்டரி. புதிய விதி கேட்பது ரெடிமேட் காயிலை மாற்றும் வசதியைத்தான், கம்பி சுற்றத் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனாலும், இதுவரை எதையுமே கழற்றிப் பார்க்காத தலைமுறை முதல்முறையாகக் காயிலைக் கையில் எடுக்கிறது. அங்கிருந்து ஒருவர் கம்பியும் மெக்கானிக்கல் மாடும் வாங்க ஒரு கிளிக் போதும். ஓம் விதி அந்த பார்சலில் வராது.

இந்தியாவில் என்ன நிலை?

தமிழ்நாடு அரசு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019-ல் நாடு முழுவதற்குமான தடைச் சட்டம் வந்தது. நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் பொருந்தும். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பலர் கவனிக்காத வரி ஒன்றும் அந்தச் சட்டத்தில் உண்டு. முழுச் சாதனத்துக்கு மட்டுமல்ல, அதன் எந்தப் பாகத்துக்கும் தடை பொருந்தும். அதனால் லண்டனில் படிக்கும் நண்பரிடம் "வரும்போது காயில் மட்டும் கொண்டு வாடா, அது வெறும் கம்பிதானே" என்று கேட்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். சட்டத்தின் கண்ணில் அது வெறும் கம்பி இல்லை.