முதலமைச்சர் ஆணா, பெண்ணா?



1987ஆம் ஆண்டு. நீலகிரி மாவட்டம் தேவர்சோலையில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். "முதலமைச்சர் ஆக யாருக்கு ஆசை?" என்று ஒருநாள் கேட்டேன். பையன்கள் ஏழெட்டுப் பேர் கை தூக்கினார்கள். பெண் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தூக்கவில்லை.

"ஏம்மா, உங்களுக்கு ஆசை இல்லையா?"

"அது ஆம்பளைங்க வேலை டீச்சர்!" என்றாள் ஒரு சிறுமி.

கரும்பலகையில் 'முதலமைச்சர்' என்று எழுதி, கடைசியில் உள்ள 'அர்' விகுதிக்குக் கோடு போட்டேன். ஆசிரியர், மருத்துவர், அமைச்சர்... இந்த 'அர்' ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது. தமிழே தடை போடவில்லை. சட்டமும் போடவில்லை.

முதல் பெண்மணி

இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர் சுசேதா கிருபளானி. 1908இல் அம்பாலாவில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். நம் அரசியலமைப்பை உருவாக்கிய சபையிலும் உறுப்பினர். 1963 அக்டோபர் 2 அன்று உத்தரப் பிரதேச முதலமைச்சராகப் பதவியேற்று, 1967 வரை ஆட்சி செய்தார். அரசு ஊழியர்கள் 62 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் அவர் கலங்கவில்லை.

எப்படி ஆவது?

முதலமைச்சரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு யாருக்கு உண்டோ, அவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். சட்டமன்ற உறுப்பினர் ஆக 25 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண், பெண் என்ற பேதம் இதில் எங்கும் இல்லை.

அவருக்குப் பின்னே...

* 1972: நந்தினி சத்பதி, ஒடிசா
* 1980: சையதா அன்வரா தைமூர், அசாம்
* 1988: ஜானகி ராமச்சந்திரன், தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர், ஆட்சி சில வாரங்களே
* 1991: ஜெயலலிதா, தமிழ்நாடு, ஆறு முறை பதவியேற்றவர்
* 1995: மாயாவதி, உத்தரப் பிரதேசம், தலித் பெண்களில் முதலாவது முதல்வர்
* 1998: ஷீலா தீட்சித், தில்லி, தொடர்ந்து 15 ஆண்டுகள்
* 2011: மம்தா பானர்ஜி, மேற்கு வங்கம்

1963 முதல் 2025 வரை, தில்லியையும் சேர்த்து, நாடு முழுவதும் பெண் முதல்வர்கள் 18 பேர்தான். தேவர்சோலையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பக்கம் கேரளம், இன்னொரு பக்கம் கர்நாடகம். இந்த இரண்டு மாநிலங்களிலும் 2025 வரை ஒரு பெண்கூட முதல்வராகவில்லை. கதவு திறந்திருந்தாலும் உள்ளே நுழைந்தவர்கள் குறைவு!

மறுபடியும் அதே கேள்வி

1991இல் ஜெயலலிதா பதவியேற்ற சில நாட்களில், வேறொரு வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். இம்முறை ஐந்து சிறுமிகள் கை தூக்கினார்கள். நான் புதிதாக எதையும் சொல்லித் தரவில்லை. ஒரு பெண் அந்த நாற்காலியில் அமர்ந்ததைச் செய்தித்தாளில் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் வகுப்பிலும் யாராவது இதைக் கேட்கலாம். அப்போது, தங்கங்களே, கை தூக்கத் தயங்காதீர்கள்!