பீடியை விடும் முதல் மூணு நாள்



போன மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணி முடித்ததும் ஒரு அக்கா சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு பீடியை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணினாரு. மூணாம் நாளே எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தாரு. தாங்க முடியாம, குடிச்சே தொலைங்கன்னு நானே காசு எடுத்துக் கொடுத்துட்டேன்." எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்த அக்காவுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் காசு கொடுத்திருக்க மாட்டார்.

புகையிலையில் இருக்கிற நிக்கோட்டினுக்கு மூளை பழகிப்போயிருக்கும். அது கிடைக்காதபோது கோபம், தலைவலி, தூக்கம் வராமை எல்லாம் வரும். முதல் இரண்டு மூன்று நாள்தான் ரொம்பக் கடுமை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதாவது, கஷ்டம் உச்சத்தில் இருந்த நாளில்தான் அக்கா காசு கொடுத்திருக்கிறார்!

பீடி ஆசை ஒரு தடவை வந்தால் சில நிமிஷம்தான் நிற்கும். அந்த நேரத்தில் தண்ணீரோ, ஒரு கைப்பிடி வறுகடலையோ கொடுங்க. டீக்கடைக்குப் போனால் கை தானாக பீடியைத் தேடும். அதனால் கொஞ்ச நாளைக்கு டீயை வீட்டிலேயே போட்டுக் கொடுங்க. திட்டாதீங்க. நடுவில் ஒன்று குடித்துவிட்டாலும் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீங்க. பலரும் நாலைந்து தடவை முயற்சி செய்துதான் விட்டிருக்கிறார்கள்.

"சிகரெட் இல்லையே, பீடிதானே" என்பார்கள். பீடி அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் நுரையீரலுக்குள் போகிற நஞ்சு சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. (திருநெல்வேலி, வேலூர் பக்கம் பீடி சுற்றித்தான் நம் சகோதரிகள் பலர் அடுப்பெரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.)

நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் புகைதான். குடிக்கிறவருக்கு மட்டுமில்லை, அதே வீட்டில் அந்தப் புகையைச் சுவாசிக்கிற நமக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. விட்டவருக்கோ, 10 வருஷத்தில் இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து, தொடர்ந்து குடிக்கிறவரைவிடப் பாதியாகக் குறைகிறது. வயசு 50 ஆகிவிட்டது, இனி எதற்கு என்று இருக்க வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், மூச்சு வாங்குதல், காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்க. டி.பி. மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை என்றால் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டுக்கும் அறிகுறி ஒரே மாதிரி இருப்பதால் சிலருக்குப் புற்றுநோய் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

பழக்கத்தை விட ஆலோசனை வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசலாம், காசு கிடையாது. சேமிப்புப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்க.

அந்த அக்கா வீட்டுக்காரர் மறுபடியும் தேதி குறித்திருக்கிறார். இந்தத் தடவை பணப்பெட்டிச் சாவி மாமியாரிடம் இருக்கிறதாம்.